விம்: திருத்துபவனுக்கு வாய்த்த கருவி

பத்திரிகையாளன் என்றால் எழுதுபவன் என்றே பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். முப்பது ஆண்டுகளாக ஆசிரிய பீடங்களில் காலந்தள்ளிய அனுபவத்தில் சொல்கிறேன்: நாங்கள் எழுதும் நேரம் குறைவு, திருத்தும் நேரமே அதிகம். நிருபர் கடைசிப் பந்தியில் ஒளித்துவைத்த செய்தியை முதற் பந்திக்குக் கொண்டுவருவது, ஓர் ஊரின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தால் ஒன்றாக்குவது, எண்ணூறு சொற்களை நானூறாக்குவது என்று எங்கள் நாட்கள் கழிகின்றன. ஆனால் நாம் பயன்படுத்தும் மென்பொருட்களிற் பெரும்பாலானவை எழுதுவதை மனத்திற் கொண்டே ஆக்கப்பட்டவை. திருத்த வேண்டுமென்றால் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து, சுட்டியைத் தேடி, இழுத்து, தேர்ந்தெடுத்து, மீண்டும் விசைப்பலகைக்கு வரவேண்டும். ஒரு தடவை என்றால் பரவாயில்லை. ஒரு நாளில் ஐந்நூறு தடவை என்றால் மணிக்கட்டுக்குத் தெரியும் அதன் அருமை.

அண்மைக் காலமாக இளம் பத்திரிகையாளர் சிலர் என் கணினித் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "சேர், இதென்ன வெறும் கறுப்புத் திரை?" என்று கேட்கிறார்கள். கலைப்பீடத்தில் படித்தவன், நிரலாளர்களின் கருவியான விம்மை வைத்துக்கொண்டு என்ன செய்கிறான் என்ற வியப்பு அவர்களுக்கு. அக்கேள்விக்கான பதிலே இது.

முதலிற் கொஞ்சம் வரலாறு. 1976 ஆம் ஆண்டு, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் பில் ஜோய் என்ற பட்டப்பின்படிப்பு மாணவர் 'விஐ' என்னும் உரைத் திருத்தியை எழுதினார். அவர் பயன்படுத்திய முனையத்தில் தனியான அம்புக்குறி விசைகள் கிடையா. எச், ஜே, கே, எல் ஆகிய எழுத்து விசைகளின் மேலேயே அம்புகள் பொறிக்கப்பட்டிருந்தன. தொலைபேசி வழி இணைப்பும் ஆமை வேகம். எனவே மிகக் குறைந்த விசைகளில் மிகக் கூடிய வேலையைச் செய்விக்க வேண்டியிருந்தது. அந்த வறுமையிற் பிறந்த சிக்கனமே இன்றும் நமக்குப் பயன்படுகிறது. பின்னர் 1991 இல் நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலெனார் அதனை மேம்படுத்தி 'விம்' என்ற பெயரில் வெளியிட்டார். விலை எதுவும் இல்லை. விரும்பினால் உகண்டாவிலுள்ள ஆதரவற்ற சிறுவர்களுக்கு உதவுங்கள் என்பதே அவருடைய வேண்டுகோள். வெறுமனே விம்மைத் திறந்தால் இன்றும் அவ்வேண்டுகோள் திரையில் தோன்றும். மூலெனார் 2023 ஆகஸ்ட் 3 ஆம் திகதி காலமானார். தொண்டர்கள் அப்பணியைத் தொடர்கிறார்கள். 2024 ஜனவரியில் வெளிவந்த 9.1 பதிப்பு அவருக்கே காணிக்கையாக்கப்பட்டது.

விம்மைத் திறந்து தட்டச்சு செய்யத் தொடங்குபவர் முதலில் அதிர்ச்சியடைவார். எழுத்து விழாது, வேறு ஏதேதோ நடக்கும். வெளியேறவும் வழி தெரியாது. வெளியேறும் வழியைக் கேட்கும் ஒரு வினா 'ஸ்டாக் ஓவர்ஃப்ளோ' தளத்தில் 2017 ஆம் ஆண்டுக்குள் பத்து இலட்சம் தடவைக்கு மேல் பார்க்கப்பட்டிருந்தது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். விடை எளிது: எஸ்கேப் விசையை அழுத்தி, முக்காற்புள்ளியை இட்டு, 'கியூ' எழுத்தைத் தட்டி, என்டர் செய்யுங்கள். மாற்றங்களைச் சேமித்து வெளியேற 'டபிள்யூ கியூ'. சேமிக்காமலே வெளியேற 'கியூ' வுக்குப் பின் ஒரு வியப்புக்குறி.

எழுத்து விழாததற்குக் காரணம் உண்டு. விம்மைத் திறந்தவுடன் நீங்கள் இருப்பது திருத்தும் நிலையில். 'ஐ' விசையைத் தட்டினால் எழுதும் நிலை. எஸ்கேப் அழுத்தினால் மீண்டும் திருத்தும் நிலை. எழுதுவது விதிவிலக்கு, திருத்துவதே இயல்பு என்று கொண்ட திருத்தி இது. ஆசிரிய பீடத்தில் சிவப்பு மைப் பேனாவோடு இருந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை.

திருத்தும் நிலையில் ஒவ்வொரு விசையும் ஒரு சொல். 'டிலீட்' என்பதன் முதலெழுத்து அழிக்கும். 'சேஞ்ச்' என்பதன் முதலெழுத்து அழித்துவிட்டு எழுதும் நிலைக்கு அழைத்துச் செல்லும். 'யாங்க்' என்பதன் முதலெழுத்து பிரதி எடுக்கும். இவை வினைகள். இவற்றின் பின்னே செயப்படுபொருளைச் சேர்க்க வேண்டும். ஒரு பந்தி முழுவதையும் அழிக்க டி, ஏ, பி என்று மூன்று விசைகள். கடைசி எழுத்து 'பரகிராஃப்' என்பதைக் குறிக்கும். நிற்கும் வாக்கியத்தை மாற்றி எழுத சி, ஐ, எஸ். மேற்கோள் குறிகளுக்குள் இருப்பதை மட்டும் மாற்ற சி, ஐ, பின்னர் மேற்கோள் குறி. அழித்த பந்தி தொலைந்துவிடாது. வேறோர் இடத்துக்குச் சென்று 'புட்' என்பதன் முதலெழுத்தைத் தட்டினால் அங்கே வந்து விழும். கடைசிப் பந்தியை முதற் பந்தியாக்கும் வேலை ஆறேழு விசைகளில் முடிந்துவிடுகிறது. கடைசியாகச் செய்த மாற்றத்தை மீண்டும் செய்ய ஒரேயொரு முற்றுப்புள்ளி போதும்.

'பந்தியை அழி' என்பது தமிழ் முறை. 'அழி, பந்தியை' என்பது விம்மின் முறை. இவ்வரிசை மாற்றம் தொல்லையாக இருந்தால் சிறிய 'வி' எழுத்தைத் தட்டி, வேண்டிய பகுதியை முதலில் தேர்ந்துகொண்டு, வினையைப் பின்னர் சொல்லலாம். அது அசல் தமிழ் வாக்கியம்!

இனி, பத்திரிகை வேலைக்கென நான் கைக்கொள்ளும் சில வழிகள்.

நீண்ட நேர்காணலிலிருந்து மேற்கோள்களைத் திரட்டுவதற்குப் பெயரிட்ட பதிவேடுகள் உதவும். இரட்டை மேற்கோள் குறி, அதன்பின் சிறிய 'ஏ', பிறகு பிரதி எடுக்கும் கட்டளை என்றால் அப்பகுதி 'ஏ' என்ற அறைக்குள் போகும். அடுத்த தடவை பெரிய 'ஏ' என்று இட்டால், முன்பிருந்தது அழியாமல் அதனோடு சேரும். இப்படிப் பத்து மேற்கோள்களைப் பொறுக்கிக்கொண்டு போய்க் கட்டுரையில் ஒரே தடவையில் கொட்டிவிடலாம்.

பெயர்களை ஒன்றாக்குவதற்கு மாற்றீட்டுக் கட்டளை உண்டு. முல்லைதீவு, முல்லைத்தீவு என இரு விதமாக வந்திருந்தால் ஒரே வரியில் முழுக் கோப்பையும் சீர்செய்யலாம். ஆனால் கட்டளையின் கடைசியில் 'கன்ஃபர்ம்' என்பதன் முதலெழுத்தைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது விம் ஒவ்வோர் இடத்திலும் நின்று அனுமதி கேட்கும். தமிழில் இது மிக அவசியம். கண்டி என்ற ஊர்ப்பெயரை மாத்தளை என்று மாற்றச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தால், கண்டித்தார் என்ற அமைச்சர் மாத்தளைத்தார் ஆகிவிடுவார்.

சொற்களை எண்ண 'ஜீ' எழுத்தைத் தட்டி, கொன்ட்ரோல் விசையோடு மீண்டும் 'ஜீ'. நானூறு சொல் கேட்ட ஆசிரியருக்கு நானூறு சொல் கொடுக்கலாம்.

அடுத்தது அமைப்புக் கோப்பு. 'விம்ஆர்சி' எனப்படும் அது வெறும் உரைக்கோப்பு. ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு நடைக் கையேடு இருப்பதைப் போல, இது உங்களுக்கு நீங்களே எழுதிக்கொள்ளும் கையேடு. நிரலாளர்களின் நூறு வரிக் கோப்புகளைப் பிரதி பண்ணாதீர்கள். எது உங்களை மீண்டும் மீண்டும் எரிச்சலூட்டுகிறதோ அதற்கு மட்டும் ஒரு வரி சேருங்கள்.

என் கோப்பிலிருந்து சில வரிகள். 'லைன்பிரேக்' என்ற தெரிவை இயக்கினால் வரியின் முடிவில் சொல் நடுவே உடையாது. நாம் ஒரு பந்தியை ஒரே வரியாக எழுதுவதால் ஜே விசை அடுத்த பந்திக்கே தாவும். ஜே விசைக்கு 'ஜீ, ஜே' என்ற கட்டளையைப் பொருத்திவிட்டால் திரையில் தெரியும் அடுத்த வரிக்குச் செல்லும். 'அன்டோஃபைல்' என்ற தெரிவு, கோப்பை மூடி மறுநாள் திறந்தாலும் முந்திய மாற்றங்களைப் பின்னோக்கி மீட்க உதவும். நேற்று வெட்டிய பந்தியை இன்று ஆசிரியர் கேட்பார் என்பதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். 'அப்ரீவியேட்' கட்டளையால் 'இபோச' என்று தட்டி இடைவெளி விட்டதும் 'இலங்கைப் போக்குவரத்துச் சபை' என விரிய வைக்கலாம்.

தமிழுக்கென இரண்டு வரிகள். தமிழ் விசைப்பலகை இயங்கும்போது திருத்தும் நிலைக்கு வந்தால், ஜே என்று தட்டினாலும் ஏதோவொரு தமிழெழுத்துத்தான் விம்முக்குப் போய்ச் சேரும். கட்டளைகள் வேலைசெய்யா. தமிழர் பலர் விம்மை முதல் நாளே கைவிடுவது இதனால்தான். இதற்கு விம்முக்குள்ளேயே மருந்து இருக்கிறது. 'கீமெப்' என்ற தெரிவுக்கு ஒரு சிறு கோப்பைத் தயாரித்து, எந்த விசைக்கு எந்தத் தமிழெழுத்து என்று வரிவரியாக எழுதிவையுங்கள். கணினியின் விசைப்பலகை ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். எழுதும் நிலையில் மாத்திரம் தமிழ் வரும். எஸ்கேப் அழுத்தியதும் விசைகள் கட்டளைகளாகிவிடும். நடுவே ஆங்கிலச் சொல் தேவையானால் கொன்ட்ரோல் விசையோடு ஷிப்ட், ஆறு. ரெங்கநாதனோ தமிழ்99 ஓ, உங்கள் விரலுக்குப் பழகியதை நீங்களே வகுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, 'டெல்கொம்பைன்'. வழக்கமாக 'கொ' என்ற எழுத்தின் மேல் நின்று அழித்தால் முழு எழுத்தும் போய்விடும். இத்தெரிவை இயக்கினால் முதலில் உயிர்க்குறி மட்டும் போகும், மெய் எஞ்சும். 'கொ' வைக் 'கோ' ஆக்குவது எளிதாகிவிடும். ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும்: எல்லா முனையங்களும் தமிழை ஒழுங்காகக் காட்டுவதில்லை. சிலவற்றில் கொம்பும் காலும் விலகி நிற்கும். அத்தகைய இடங்களில் விம்மின் சாளரப் பதிப்பான 'ஜீவிம்' மையும் முயன்று பாருங்கள்.

மின்சாரத்தை நம்பமுடியாத நாட்டில் வாழ்பவர்களுக்கு இன்னுமொரு செய்தி. நீங்கள் எழுதிக்கொண்டிருக்கையில் விம் பக்கத்தில் ஒரு மீட்புக் கோப்பை வைத்துக்கொள்கிறது. இருநூறு எழுத்துகளுக்கு ஒரு முறை, அல்லது நான்கு விநாடி நீங்கள் சும்மா இருந்தால், அதைப் புதுப்பிக்கிறது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாட்களிலும், 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதால் நாடே இருளில் மூழ்கியதாக அமைச்சர் சொன்ன ஞாயிற்றுக்கிழமையிலும், எனக்கு மீட்டுத் தந்தது அக்கோப்பே. கோப்பை மீண்டும் திறக்கும்போது விம் கேட்கும். 'ரிக்கவர்' என்பதன் முதலெழுத்தைத் தட்டினால் போதும்.

இவை எல்லாம் வசதிகள். நான் விம்முக்குக் கடன்பட்டிருப்பதற்குக் காரணம் வேறு.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னரான மாதங்களில், முல்லைத்தீவிலிருந்து பொத்துவில் வரை கரையோர மக்களிடம் நான் எடுத்த நேர்காணல்களின் உரைக்கோப்புகள் என்னிடம் இருந்தன. அவை அக்காலத்தில் நம்மவர் பெரிதும் பயன்படுத்திய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. பாமினியில் கணினி சேமிப்பது தமிழை அல்ல, ஆங்கில எழுத்துகளையே. எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் முகமூடியைப் போடுகிறது. முகமூடி கழன்றால் மிஞ்சுவது அர்த்தமற்ற எழுத்துக் குவியல். 'இலங்கை' என்ற சொல்லே ஒரு காற்புள்ளியில் தொடங்கும்! தேடுபொறிக்கு அது தெரியாது. கைத்தொலைபேசியில் வாசிக்கவும் முடியாது. பேசியவர்களில் சிலர் பின்னர் 2009 ஐத் தாண்டவில்லை. அவர்களுடைய குரல் கோப்பாக இருந்தும் இல்லாத நிலை.

மாற்றித் தரும் தளங்கள் உண்டு. ஆனால் நான் ஒவ்வொரு சொல்லையும் கண்ணால் பார்த்தே மாற்ற விரும்பினேன். விம்மின் மாற்றீட்டுக் கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதினேன். வரிசைதான் முக்கியம். பாமினியில் கொம்பு மெய்யெழுத்துக்கு முன்னால் சேமிக்கப்படும், யுனிகோட்டில் பின்னால். ஆகவே கொம்பும் காலும் சேர்ந்த ஒகர ஓகாரங்களை முதலில் மாற்ற வேண்டும். பிறகு எகர ஏகார ஐகாரங்கள், பிறகு கு, து போலத் தனி விசை கொண்டவை, கடைசியில் தனி மெய்கள். இடையிலுள்ள மெய்யைப் பிடித்துவைத்து, கொம்பை அதன் பின்னால் நகர்த்த விம் வழி தருகிறது.

அப்படியும் இயந்திரத்தால் முடியாத இடங்கள் இருந்தன. ஔகாரக் குறியும் ளகரமும் பாமினியில் ஒன்றே; 'கௌரவம்' எது, 'கெளிறு' என்ற மீன் எது என்று அதற்குத் தெரியாது. நேர்காணல்களின் நடுவே வந்த ஆங்கிலச் சொற்களும் தமிழாகப் பார்த்தன. அங்கெல்லாம் விம் நின்று கேட்டது. நான் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன். மூன்று மாத இரவுகள் பிடித்தன. இப்போது அந்நேர்காணல்கள் எந்த எழுத்துருவையும் எந்த நிறுவனத்தையும் நம்பியிராத வெற்றுரையாக இருக்கின்றன. கெளிறு பிடிக்கப் போன தகப்பனைப் பற்றி ஒரு மகள் சொன்னதை, அவர் ஊரின் பெயரைத் தட்டித் தேடி எடுக்க என்னால் முடிகிறது.

தொடங்க விரும்புபவர்கள் விம்மோடு வரும் 'விம்டியூட்டர்' என்ற பாடத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். இரண்டு வாரம் கை தடுமாறும். அவசரச் செய்தி வேலையை அக்காலத்தில் பழைய மென்பொருளிலேயே செய்யுங்கள். அதன்பின் மூலெனார் 2000 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றிற் சொன்ன வழியைப் பின்பற்றுங்கள்: எங்கே நேரம் வீணாகிறது என்று கவனியுங்கள், அதற்கு விரைவான வழியைத் தேடுங்கள், அதைப் பழக்கமாக்குங்கள். வாரத்துக்கு ஒரு கட்டளை போதும். உங்கள் பழைய பெட்டிகளிலும் பாமினிக் கோப்புகள் கிடந்தால், இறுவட்டுகள் முற்றாகப் பழுதாகும் முன் அவற்றை வெளியே எடுத்துவிடுங்கள்.