முந்திரியும் மோலும்

சென்ற கோடை விடுமுறையிற் சங்கரன்கோவிலில் என் தம்பி ஒரு கணக்கிற் கலங்கியிருந்தான். நொடிக்கு 1 நானோமோலாகப் பாயும் வாயு, நிமிடத்திற்கு எத்தனை பிக்கோமோலாகும்? மோலின் 100 கோடியில் ஒரு கூறு நானோமோல். அதன் ஆயிரத்திலொரு கூறு பிக்கோமோல். அவன் 1000 என்றெழுதியிருந்தான். எனக்கும் பிழை புலப்படவில்லை.

எண்சுவடி பயின்ற பாட்டனார் நகைத்து, “4 முந்திரி 1 காணி, 4 காணி 1 மா, 20 மா ஒன்று. இடைப்படியை விட்டால் 320 எங்ஙனம் வரும்? நொடியை நிமிடமாக்கினாயா, அப்பா?” என்றார். தம்பி அறுபதாற் பெருக்கினான், 60,000 கிடைத்தது.

நாணத்தால் என் தலை கவிழ்ந்தது. சிறப்புத்தமிழ் பயிலும் யான் முந்திரியைப் பருப்பென்றே அறிந்திருந்தேன்! அன்றிரவே அவரிடம் எண்சுவடி ஓதத் தொடங்கினேன். சிறியதில் உண்மையாயிருத்தலை வேதத்திற் பலகாற் கேட்டதுண்டு. அதன் கணக்கை அன்றே கற்றேன்.