வேருக்கு ஒரு மீட்டர்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகக் கேரளத்துக்குள் நுழைந்தால் பெயர்ப் பலகைகளில் எழுத்து மாறுகிறது. மண்ணும் மரமும் மாறுவதில்லை. கொழிஞ்சாம்பாறைக் கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் கலந்தே ஒலிக்கின்றன. அதைத் தாண்டிப் பாலக்காடு போகும் வழியில் எலப்புள்ளி. தென்னந்தோப்புக் கேரளத்தை எதிர்பார்த்து வருபவருக்கு இங்கே ஏமாற்றம்தான்: வயல் வரப்புகளில் பனை, சாலையோரத்தில் பனை. பாலக்காட்டுப் பனைகளுக்கு இலக்கியப் புகழ் தேடித் தந்தது, 1969இல் நூலாக வந்த ஓ.வி. விஜயனின் 'கசாக்கின்றெ இதிகாசம்' நாவல். அதற்கு வெகு காலம் முன்பே சேர மன்னர்கள் சூடியது பனம்பூ. ஏன் பனம்பூ என்று கேட்பவர்கள் இந்த வழியில் ஒரு முறை பஸ்ஸில் போனால் போதும்.

நகரங்களில் மரத்துக்கும் நடைபாதைக்கும் நடக்கும் தகராறைப் பற்றி யோசிக்கப் பொருத்தமான இடம் இது. காரணம், பனை அந்தத் தகராறில் சிக்காத மரம். தென்னையைப் போல, மூங்கிலைப் போல, பனையும் புல்லின வகையறா. அடிமரத்திலிருந்து கொத்துக் கொத்தாகக் கிளம்பும் அதன் வேர்கள் எத்தனை ஆண்டானாலும் பருப்பதில்லை. பருக்காத வேர் கல்லைத் தூக்காது. ஆல், அரசு, புளி, தூங்குமூஞ்சி, குல்மோகர் ஆகியவற்றின் கதை வேறு. அவற்றின் வேர் ஆண்டுதோறும் தடிக்கிறது. மேலே இருப்பது சிமென்ட் பலகையானாலும் ஓடானாலும் நெம்பிவிடுகிறது.

அப்படியானால் தெருவெல்லாம் பனை நட்டுவிடலாமே? முடியாது. பனைமர நிழலில் பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு ஆள்கூட ஒதுங்க முடியாது. நடப்பவருக்கு வேண்டியது ஆலும் புளியும் வேம்பும் தரும் நிழல். தடிக்கிற வேரோடுதான் அந்த நிழல் வரும்.

பழைய புளியஞ்சாலைகளில் இந்தச் சிக்கல் எழவில்லை. மாட்டு வண்டிக் காலத்தில் சாலையோரம் வெறும் மண். வேர் மேலே தலைகாட்டினால் அதன்மீது உட்கார்ந்து வெற்றிலை போடலாம். இன்று ஒரு பக்கம் கான்கிரீட் சாக்கடை, மறுபக்கம் தார், நடுவில் அடிமரத்தைக் கழுத்துவரை இறுக்கும் ஓடுகள்.

வேர் ஏன் மேலே வருகிறது? பிடிவாதத்தால் அல்ல. வேருக்கு நீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். ரோடு ரோலர் அழுத்திய மண்ணில் இரண்டும் அரிது. நடைபாதை ஓட்டுக்கு அடியில் பரப்பிய மணலிலோ ஈரம் தங்குகிறது, காற்றும் கொஞ்சம் இருக்கிறது. வேர் அங்கேதான் போகும். பத்து வருடம் கழித்து ஓடு எழும்புகிறது. பார்வை மங்கிய பாட்டி தடுக்கி விழுகிறார். சக்கர நாற்காலிக்காரர் சாலையில் இறங்கி லாரிகளுக்கு நடுவே போகிறார். இவர்களுடைய புகார் நியாயமானது. மர ஆர்வலர்கள் பலர் இதை ஒப்புக்கொள்ளாமல் பேசுவது எரிச்சலூட்டுகிறது.

ஆனால் புகாருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் கோடரி. அடிமரத்தை ஒட்டித் தடித்த வேரை வெட்டி, மேலே சிமென்ட் பூசிவிடுகிறார்கள். மரம் உடனே சாவதில்லை என்பதுதான் ஆபத்து. ஒரு பக்கம் பிடிப்பு இழந்து, இலை தழைத்து நிற்கிறது, அடுத்த பெருங்காற்றுக்காக. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. காற்றின் வேகம் முதல் காரணம். அதோடு, பல மரங்களுக்குப் பற்றிக்கொள்ள மண்ணே விடப்பட்டிருக்கவில்லை. எலப்புள்ளிப் பக்கம் புயல் வராதுதான். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு விழுந்த இடைவெளி இது. தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் தொடங்கி இதன் வழியேதான் பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் பாய்கிறது. வேர் வெட்டிய மரத்துக்கு இதைவிட மோசமான இடம் கிடைக்காது.

தீர்வு புதிரல்ல. டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்றும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013 ஏப்ரலில் உத்தரவிட்டது. நடப்பவருக்குத் தடையின்றி குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும், மரமும் கம்பமும் தனிப் பட்டையில் இருக்க வேண்டும் என்கிறது இந்தியச் சாலைக் காங்கிரசின் 2012 வழிகாட்டி. இரண்டையும் கூட்டினால் நம் நடைபாதைகளில் பெரும்பாலானவை போதாது. மீதியை எங்கிருந்து எடுப்பது? காசில்லாமல் நிறுத்தப்படும் கார்களின் வரிசையிலிருந்து என்பதே என் பதில். மரமும் பாதசாரியும் ஒரு முழ இடத்துக்கு மல்லுக்கட்ட, கார் நிம்மதியாக நிற்கிறது.

புதிதாக நடும் இடத்தில் குல்மோகரைத் தவிர்த்து புங்கம், மகிழம், வேம்பு வைக்கலாம். குழியை அகலமாக வெட்டலாம். ஏற்கெனவே நிற்கும் பெரிய மரத்துக்காகப் பாதையைச் சற்று வளைக்கலாம், அல்லது வேருக்கு மேலே மண் நிரப்பிச் சரிவாக உயர்த்தலாம். கேரளச் சாலையோரங்களில் இப்போது பரவலாகப் பதிக்கும் கோத்த ஓடுகளுக்கு ஒரு வசதி உண்டு. எழும்பிய நாலைந்து ஓடுகளைக் கழற்றி, மணலைத் திருத்தி, அதே ஓடுகளைச் சரிவாகத் திரும்ப வைக்கலாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் செய்கிற வேலை. டெண்டர் விடும்போது அந்தப் பராமரிப்புக்கும் ஒரு வரி எழுதிவைக்க வேண்டும்.