ஊரே சேர்ந்து வாங்கிய பப்!

இங்கிலாந்தின் வடமேற்கில் இருக்கிறது கம்ப்ரியா. அங்கே லேக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவின் வடக்கு ஓரத்தில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்று ஒரு குட்டிக் கிராமம். பெயரில்தான் சந்தை இருக்கிறது. சந்தை நின்றுபோய்ப் பல காலமாகிவிட்டது. நடுவே நீளமான புல்வெளி, இருபுறமும் கல் வீடுகள். அவற்றில் ஒன்றைப் போலவே அடக்கமாக நிற்கிறது 'ஓல்டு கிரவுன்' பப்.

1857-ல் சார்லஸ் டிக்கன்ஸும் அவர் நண்பர் வில்கி காலின்ஸும் பக்கத்தில் உள்ள கேரக் ஃபெல் மலையில் ஏற வந்தார்கள். மூடுபனியில் வழி தவறி, காலின்ஸ் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம். அப்போது இந்த ஊரில் அவர்கள் இளைப்பாறிய விடுதி இன்று விடுதியாக இல்லை, வீடாகிவிட்டது. ஓல்டு கிரவுனுக்கும் அந்தக் கதி வந்திருக்கலாம்.

பப் என்றதும் மதுக்கடை வரிசை நினைவுக்கு வந்தால், அதைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிடலாம். ஆங்கிலேயக் கிராமத்தில் பப் என்பது டீக்கடை பெஞ்சும் ஊர்த் திண்ணையும் சேர்ந்த மாதிரி. குழந்தைகளோடு சாப்பிட வருவார்கள், மலையேறிக் களைத்தவர்கள் கணப்பருகே உட்கார்ந்து பூட்ஸைக் காய வைப்பார்கள். எலுமிச்சை சோடா மட்டும் குடித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

ஓல்டு கிரவுனுக்குப் பின்னால் இருந்த களஞ்சியத்தில் 1988-ல் ஒரு சின்ன பீர் ஆலை தொடங்கியது. ஸ்கிடா, பிளென்காத்ரா என்று சுற்றியிருக்கும் மலைகளின் பெயர்களையே பீர்களுக்கு வைத்தார்கள். ஆலையைத் தொடங்கியவர் ஓய்வுபெற நினைத்தபோது, 1999-ல் ஊர்க்காரர்கள் கூட்டுறவாக அதை வாங்கினார்கள். 2003-ல் பப்பும் விற்பனைக்கு வந்தது. வாங்குபவர் அதை வீடாக்கிவிட்டால்? இந்த முறை நூற்றுக்கும் மேற்பட்டோர் பங்கு போட்டார்கள். 1975 எவரெஸ்ட் தென்மேற்கு முகப் பயணத்தின் தலைவர் கிறிஸ் போனிங்டனும் அவர்களில் ஒருவர். பிரிட்டனின் முதல் கூட்டுறவு பப் என்ற பெயர் இதற்குக் கிடைத்தது.

ஆனால், நஷ்டத்தில் தள்ளாடும் ஒரு வியாபாரத்துக்கு ஊர் ஏன் பணம் போட வேண்டும்? நியாயமான கேள்விதான். சூப்பர் மார்க்கெட்டில் பீர் மலிவு. 2007-ல் புகைபிடிக்கத் தடை வந்தது, பிறகு கொரோனா, அதன் பின்னாலேயே மின்கட்டண உயர்வு. குடிக்காதவர் தன் சேமிப்பை இதில் போட வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவும் முடியாது. போகாத பப்பை நினைவுச் சின்னமாகக் காப்பாற்றுவது வீண் செலவு. பங்குப் பத்திரத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டால் எந்தக் கூட்டுறவும் பிழைக்காது.

ஓல்டு கிரவுன் விஷயத்தில் ஊர் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டது. கட்டடம் கூட்டுறவின் கையில், அன்றாட நடத்துதல் குத்தகைக்காரர் கையில். கல்லாவையும் சமையலையும் தொழில் தெரிந்தவர் பார்த்துக்கொள்ள, கட்டடம் கைமாறி வீடாகாமல் ஊர் பார்த்துக்கொள்கிறது.

2011-ல் வந்த உள்ளாட்சிச் சட்டம் மற்ற ஊர்களுக்கும் ஒரு வழி திறந்தது. சமூக மதிப்புள்ள சொத்தாகப் பட்டியலிடப்பட்ட பப் விற்பனைக்கு வந்தால், வாங்க விரும்பும் ஊர்க்காரர்கள் பணம் திரட்ட ஆறு மாதம் அவகாசம் கேட்கலாம். அவர்களுக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் உரிமையாளருக்கு இல்லை. இப்படிப் பட்டியலில் ஏறிய முதல் பப், லண்டன் நன்ஹெட் பகுதியின் 'ஐவி ஹவுஸ்'. 2013-ல் அந்தப் பகுதி மக்களே அதை வாங்கித் திறந்தார்கள்.

ஹெஸ்கெட் நியூமார்க்கெட்டுக்குப் போக நினைப்பவர்கள் பென்ரித் ரயில் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து கார் பிடிப்பது வசதி. திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். கிராமத்து பப்கள் பல, நாள் முழுக்கத் திறந்திருப்பதில்லை.