எக்ஸெல்லில் ஏறலாம் கல்வராயன்!

மலைக்குப் போக புல்லட்தான் வேண்டும் என்று காத்திருக்கும் ஆபீஸ் நண்பர்களே... லோன் பாஸாவதற்குள் முட்டிவலி வந்துவிடும்! வாசலில் நிற்கும் டி.வி.எஸ். எக்ஸெல் என்ன பாவம் செய்தது? காஸ் சிலிண்டரையே சுமக்கிற வண்டி, நம்மைச் சுமக்காதா?

சிரிக்காதீர்கள். 2004-ல் ஆரம்பித்த 'மங்கோல் ராலி'க்காக வெள்ளைக்காரர்கள் சின்ன எஞ்சின் காராகப் பார்த்துப் பிடித்து, ஐரோப்பாவிலிருந்து மங்கோலியாவை நோக்கிக் கிளம்பினார்கள். நமக்கு அவ்வளவு ஆசையில்லை. சென்னையிலிருந்து உளுந்தூர்பேட்டை, அங்கே சேலம் ரோட்டில் திரும்பினால் கள்ளக்குறிச்சி. சுமார் 250 கிலோமீட்டர், சமதரை. பிறகு கச்சிராயபாளையம், கோமுகி அணை. அதைத் தாண்டியதும் மலைப்பாதை. கரியாலூர், வெள்ளிமலை எல்லாம் மேலே.

பி.காம். படித்த பாவத்துக்கு ஒரு வரவு-செலவு போட்டேன். வரவு: வண்டி 90 கிலோகூட இல்லை, நின்றுபோனால் தள்ளலாம். செலவு: 99.7 சி.சி., நாலு லிட்டர் டாங்க், கியர் கிடையாது.

இந்தக் கடைசி ஐட்டம்தான் வில்லன். ஏற்றத்தில் டபுள்ஸ் போனால், கியரைக் குறைக்க வழியில்லாமல் வண்டி திணறும். கிளட்ச் வழுக்கிச் சூடேறும். ஆகவே ஒரு வண்டிக்கு ஒரு ஆள். இறக்கத்தில் வேகம் ரொம்பக் குறைந்தால் கிளட்ச் தானாக விட்டுவிடும். எஞ்சின் இழுத்துப் பிடிக்காது. மொத்த பாரமும் ரெண்டு டிரம் பிரேக் தலையில்!

எங்கள் தெரு மெக்கானிக் தம்பி ஒரே வரியில் சொன்னான்: "ஏர்றதப் பத்திக் கவலப்படாதீங்கண்ணே, எறங்கறதுக்குச் செலவு பண்ணுங்க." புது பிரேக் ஷூ, புது கேபிள் போட்டாயிற்று. ஸ்பேர் பிளக், ட்யூப், பஞ்சர் சாமான், காற்றடிக்கும் பம்ப் எல்லாம் பையில். கள்ளக்குறிச்சியிலேயே டாங்க்கை நிரப்பிவிட வேண்டும். இறங்கும்போது அங்கங்கே நிறுத்தி, பிரேக் ஆறும்வரை மலையைப் பார்க்கலாம். அதற்குத்தானே போகிறோம்!

கரியாலூருக்கு மேலே எதிரே வந்தவர் ஒரு பழைய எக்ஸெல்லில் மரவள்ளிக்கிழங்கு மூட்டையோடு நின்றார். "எங்க போறீங்க?"

"சும்மா... சுத்திப் பார்க்க."

"இந்த வண்டியிலயா?" என்று சிரித்தார், தன் வண்டியில் உட்கார்ந்துகொண்டே!

நமக்கு அட்வெஞ்சர், அவருக்கு அதுதான் லாரி, அவசரத்துக்கு ஆம்புலன்ஸும்கூட. 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை இது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து இம்மக்களின் நிலையை வழக்காக எடுத்து, ரோடு, பஸ் பற்றியெல்லாம் அரசைக் கேட்க வேண்டியிருந்தது. உள்ளே போகப் போக ரோடும் மெலியும், மெக்கானிக் கடையும் அரிது.

ஆகவே பஞ்சர் சாமான் ஒன்றுக்கு ரெண்டாக எடுத்துப் போங்கள். ஒன்று உங்களுக்கு. இன்னொன்று, வழியில் மூட்டையோடு நிற்பவருக்கு.