அஸ்கிரியவில் தரையில் பட்ட பந்து

எங்க மாமா முன்னால 2001 மார்ச் அஸ்கிரிய டெஸ்ட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது. இங்கிலாந்தோட ஆட்டம், இரண்டாவது இன்னிங்ஸ். கெடிக் போட்ட பந்தை ஜயசூரிய ஓங்கி அடிக்க, அது நிலத்தில் குத்தி எழும்பி ஸ்லிப்புக்குப் போனது. தோர்ப் பாய்ந்து பிடித்தார். நடுவர் கூரே கையைத் தூக்கிவிட்டார். மூன்றாவது நடுவரிடம் கேட்கவில்லை. ஜயசூரிய பூச்சியம். ஹெல்மெட்டை வீசியெறிந்ததற்கு அபராதம் வேறு. இங்கிலாந்து 3 விக்கெட்டால் வென்றது.

நான் அப்போ பிறக்கவே இல்லை. யூடியூபில்தான் பார்த்தேன். மெதுவாக ஓடவிட்டால் சந்தேகமே வராது.

போன மாசம் எங்க தோட்டத்து மைதானத்தில் மென்பந்து மேட்ச். நான்தான் அம்பயர். எல்லைக்கோட்டுப் பக்கம் ஒருத்தன் விழுந்து பிடித்தான். அவுட் கொடுத்தேன். அடித்தவன் ஒன்றும் பேசவில்லை, மட்டையை என் காலடியில் வைத்துவிட்டுப் போனான். இரவு ஒருத்தன் போன் வீடியோவைக் காட்டினான். பந்து புல்லில் பட்டிருக்கு. தோற்றது அவன் டீம்.

மாமாவிடம் சொன்னேன். “அவ்வளவு தூரத்துல உனக்கு எப்படிடா தெரியும், விடு” என்றார்.

“அப்ப கூரேயை மட்டும் ஏன் மாமா இன்னும் திட்டுறீங்க?”

தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

“அது டெஸ்ட் மேட்ச்டா.”

அடித்தவன் இன்னும் என்னோடு பேசவில்லை.