உடலைப் பார்த்தல்

பழைய புத்தகக் கடையொன்றில் பேரம் பேசி வாங்கிய லூசியன் பிராய்டின் ஓவியத் தொகுப்பு நெடுநாளாக என் அலமாரியில் இருக்கிறது. உறவினர் வரும் நாட்களில் அதன் முதுகைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுவேன். எவரும் என்னைக் கண்டித்ததில்லை. கண்டிப்பதற்கு முன்னரே நானே அடங்கிக்கொண்டேன். சமகால ஓவியத்தில் ஆடையற்ற உடல் ஏன் அருகிவிட்டது என்ற பேச்சு எழும்போதெல்லாம், திருப்பி வைத்த அந்தப் புத்தகம்தான் முதலில் என் நினைவுக்கு வருகிறது.

நம் நாட்டைப் பொறுத்தவரை அச்சம் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. 1954-இல் பம்பாயில் 'காதலர்' ஓவியங்களுக்காக அக்பர் பதம்சீ மீது ஆபாச வழக்குத் தொடரப்பட்டது. நீதிமன்றம் அவரை விடுவித்தது. பல்லாண்டு கழித்து, வெளிநாட்டிலிருந்து வந்த பதம்சீ, சூசா ஆகியோரின் ஏழு படைப்புகளை மும்பைச் சுங்கத்துறை ஆபாசமென்று பிடித்து வைத்தது. 2024 அக்டோபரில் உயர்நீதிமன்றம் அவற்றை விடுவிக்க ஆணையிட்டது. எழுபது ஆண்டு இடைவெளியில் அதே ஓவியர், அதே குற்றச்சாட்டு, ஏறத்தாழ அதே தீர்ப்பு. எம்.எப்.உசேன் மீதான ஆபாச வழக்குகளைத் தில்லி உயர்நீதிமன்றம் 2008 மே மாதம் தள்ளுபடி செய்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் தில்லியில் நடந்த பெரிய கலைச் சந்தையில் அவரது படைப்பு ஒன்றுகூட வைக்கப்படவில்லை. வழக்கில் வென்ற பிறகும் அலமாரியில் முதுகு திரும்பித்தான் நிற்க நேர்ந்தது.

அச்சம் மட்டுமே காரணமென்றால் ஐரோப்பாவில் இவ்வகை ஓவியம் செழித்திருக்க வேண்டும். அங்கும் அது ஓரத்துக்குப் போய்விட்டது. நூற்றாண்டுகளாக உயிருள்ள உடலைப் பார்த்து வரைவதே ஓவியப் பயிற்சியின் அடிப்படை. அரூப ஓவியமும் பின்னர் கருத்தியல் கலையும் அப்பயிற்சியைத் தேவையற்றதாக்கின. உடல் கித்தானிலிருந்து இறங்கி அறைக்குள் வந்து நின்றது. 1977-இல் பொலோஞா நகரில் மரீனா அப்ராமோவிச்சும் உலேயும் காட்சிக்கூட வாயிலின் இருபுறமும் ஆடையின்றி நின்றார்கள். பார்வையாளர் அவர்களுக்கிடையே நுழைந்துதான் உள்ளே செல்ல இயன்றது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் நவீனப் பிரிவில் பெண் கலைஞர் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு, நிர்வாண ஓவியங்களிலோ 85 விழுக்காடு பெண்கள் என்று 1989-இல் 'கெரில்லா கேர்ள்ஸ்' சுவரொட்டி வெளியிட்டார்கள். அவர்கள் கேட்டதற்கு என்னிடம் மறுப்பில்லை. சாய்ந்து கிடக்கும் அழகிகளின் காலம் முடிந்ததில் வருத்தமும் இல்லை.

என் வருத்தம் வேறு. உடையிழந்து கூசி நிற்கும் உடலையும், கலையில் கூச்சமின்றி நிற்கும் உடலையும் கென்னத் கிளார்க் 1956-இல் பிரித்துக் காட்டினார். தமிழில் அம்மணம், நிர்வாணம் என்று இரு சொற்கள் இதற்கு வசதியாகவே இருக்கின்றன. (இரண்டிலுமே துறவியரின் நிழல் உண்டு. கழுகுமலைப் பாறையில் தீர்த்தங்கரர்களைக் கண்டு முகம் திருப்பிக்கொண்டவர் எவரையும் நான் பார்த்ததில்லை.) பிராய்டின் உடல்கள் இந்த இரண்டிலும் அடங்காதவை. 1995-இல் அவர் தீட்டிய ஓவியமொன்றில், அரசு உதவித்தொகை அலுவலகத்தில் பணியாற்றிய பருத்த பெண்ணொருத்தி பழைய சோபாவில் உறங்குகிறாள். 2008-இல் அது 33.6 மில்லியன் டாலருக்கு விற்றது. விலை கிடக்கட்டும், ஒரே மனிதரை மாதக்கணக்கில் எதிரே இருத்திப் பார்த்து வரைந்தவர் அவர்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தை பக்கவாதத்தில் விழுந்தபோது, முதன்முறையாக அவரை நான் குளிப்பாட்ட நேர்ந்தது. ஒரு முதிய உடலைப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. நான் அறிந்திருந்த வெற்றுடல்கள் விளம்பரங்களில் வருபவை, இளமையானவை, ஒளியூட்டப்பட்டவை. கண்ணைச் சுவரில் வைத்துக்கொண்டே தண்ணீர் ஊற்றினேன். அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். "சீக்கிரம் துண்டக் குடுப்பா" என்றார். அந்தக் குரலிலிருந்த கூச்சம் என்னால் வந்தது.

அன்றிரவு பிராய்டை எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சதை தளர்ந்து தொங்குவதையும் தோலுக்கடியில் நீலம் படர்வதையும் அந்த மனிதர் அருவருப்பின்றிப் பார்த்திருக்கிறார். அடுத்த முறை நான் சுவரைப் பார்க்கவில்லை. அப்பாவின் முதுகில் ஒரு பழைய தழும்பு இருந்தது. கேட்டேன். பன்னிரண்டு வயதில் மாடு முட்டியதாம்.

புத்தகம் பிறகு மேசைமேலேயே கிடந்தது. ஒருநாள் அவர் இடக்கையால் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே வந்து, உறங்கும் அந்தப் பெண்ணிடம் நிறுத்தினார். நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன்.

"நல்ல தூக்கம்" என்றார்.