58 மில்லிமீட்டர்

"குடும்பத்துக்காக" என்று சொல்லி எங்கள் வீட்டில் வாங்கிய பொருள்களை ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். கிரைண்டர், மிக்சி, வாஷிங் மெஷின். இந்த மூன்றையும் நானும் அம்மாவும் தவிர வேறு யாரும் தொட்டதில்லை. தொலைக்காட்சியும் குடும்பத்துக்காகத்தான் வந்தது. ரிமோட் யார் கையில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சென்ற ஆண்டு தீபாவளிக்குப் பிறகு அந்தப் பட்டியலில் ஒரு வி.ஆர். ஹெட்செட்டும் சேர்ந்தது.

பேச்சைத் தொடங்கியவன் மகன். பொறியியல் முதலாண்டு படிக்கிறான். 2014இல் கூகுள் அட்டையில் மடித்துச் செய்த கண்ணாடி ஒன்றை அறிமுகப்படுத்தியபோது அவன் சின்னப் பையன். பின்னாளில் அதுபோன்ற ஒன்றைப் பள்ளிக் கண்காட்சிக்குச் செய்து, என் பழைய கைப்பேசியை உள்ளே செருகி, தெருவில் உள்ள குழந்தைகளுக்கெல்லாம் காட்டியவன். 2023இல் ஐ.பி.எல். பார்ப்பதற்கென்றே ஜியோ நிறுவனம் 1,299 ரூபாய்க்கு ஒன்றை விற்றது. அதிலும் கைப்பேசியைத்தான் செருக வேண்டும். கைப்பேசியே தேவைப்படாமல் தானாக இயங்கும் கருவிகள் அமெரிக்காவில் 300 டாலருக்குக் கிடைக்கின்றன, நம் பணத்தில் 25,000 ரூபாய்க்குச் சற்று மேல் என்றான். அங்கிருந்து ஊருக்கு வந்த உறவினர் ஒருவர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். பாதிப் பணம் நான் விடைத்தாள் திருத்திச் சேர்த்தது.

நான் சம்மதித்ததற்குக் காரணம் அம்மா. அவருக்கு 72 வயது. மூட்டுவலி வந்தபிறகு மாடிப்படி இறங்குவதே ஒரு பயணம். காசி பார்க்க வேண்டும், கடலுக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் சொல்வதையே நிறுத்திவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

கருவி வந்த அன்று முதலில் போட்டுக்கொண்டவர் என் கணவர். அப்புறம் மகன். பிறகு மறுபடியும் கணவர். என் முறை வந்தபோது இரவு பத்து மணி. பாத்திரம் கழுவிய கை காயாமலே வாங்கி மாட்டிக்கொண்டேன். அரை கிலோ எடை நெற்றியில் அமர்ந்தது. எதிரே ஒரு மலைச்சரிவு. எல்லாம் இரண்டிரண்டாக, விளிம்பு கலங்கித் தெரிந்தது. பத்து நிமிடத்தில் வயிறு புரட்டியது. கழற்றி வைத்துவிட்டு வாஷ்பேசினுக்கு ஓடினேன்.

"உனக்கு பஸ்ஸே ஒத்துக்காதேப்பா" என்று கணவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "பொம்பளைங்களுக்கு இது கொஞ்சம் அதிகமா வருமாம்மா" என்றான் மகன். இருவரும் அன்பாகத்தான் சொன்னார்கள். நானும் நம்பினேன். பெண்ணியத் திறனாய்வை வகுப்பில் நடத்துகிறவள், என் உடம்புதான் இதற்கு லாயக்கில்லை என்று நம்பி மூன்று வாரம் அதைத் தொடவில்லை. இந்தக் கட்டுரையில் எனக்குச் சொல்லக் கூச்சமான வாக்கியம் இதுதான்.

வகுப்பில்தான் அது உடைந்தது. கலைச்சொல்லாக்கம் நடத்திக்கொண்டிருந்தேன். 'மெய்நிகர்' என்று கரும்பலகையில் எழுதினேன். மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடம்பும்தான். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே வைத்திருக்கிறார். உள்ளத்தில் நிகழ்வது உடம்பில் வெளிப்படுவதுதான் மெய்ப்பாடு. ஆகவே மெய்நிகர் என்பதை உண்மைக்கு நிகரானது என்றும் கொள்ளலாம், உடம்புக்கு நிகரானது என்றும் கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு நின்றேன். முன்வரிசை மாணவி ஒருத்தி கேட்டாள்: "யார் உடம்புக்கு மேம்?"

அன்று மாலை தேடிப் படித்தேன். இரண்டு கண்மணிகளுக்கும் இடையே ஒரு தூரம் இருக்கிறது. கண்ணாடிக் கடையில் அளப்பார்களே, அதுதான். ஹெட்செட்டின் இரண்டு லென்சுகளும் அந்தத் தூரத்துக்கு ஏற்ப நிற்க வேண்டும். நிற்காவிட்டால் படம் கலங்கும், கண் வலிக்கும், தலை சுற்றும். அமெரிக்க இராணுவத்தினரை அளந்தபோது ஆண்களின் சராசரி 64 மில்லிமீட்டர், பெண்களின் சராசரி 61.7 என்று வந்தது. இரண்டு மில்லிமீட்டர்ச் சொச்சம் கேட்பதற்கு ஒன்றுமில்லை போல இருக்கும். ஆனால் அது சராசரிதான். அதற்கும் கீழே நிறையப் பெண்கள் இருக்கிறார்கள்.

2014இலேயே டேனா பாய்ட் என்னும் ஆய்வாளர், இந்தக் கருவிகள் பெண்களை ஒதுக்கும்படி வடிவமைக்கப்படுகின்றனவா என்று வெளிப்படையாகக் கேட்டார். அவர் தேடிய காரணம் வேறு, கேள்வி இதுதான். 2020இல் கே ஸ்டானியும் அவருடைய சகாக்களும் ஆய்வு செய்தார்கள். மெய்நிகர் உலகம் பெண்களுக்குப் பாரபட்சமானது, ஆனால் அப்படி இருக்க வேண்டியதில்லை என்பதே அந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பு. லென்ஸ் தூரம் கண்ணுக்குப் பொருந்திய பெண்களுக்கு ஆண்களைப் போலவேதான் தலைசுற்றல் வந்தது, போலவே சரியானது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே தெரிந்த வேறுபாட்டுக்கு முதன்மைக் காரணம் அந்தப் பொருத்தமின்மைதான் என்று கண்டார்கள்.

எனக்கு ஏதேதோ நினைவுக்கு வந்தன. கருத்தரங்க மேடைகளில் ஆறடி மனிதருக்காக நிறுத்தப்பட்ட மைக்கை எட்டுவதற்கு நான் குதிகால் தூக்கி நின்ற இருபது ஆண்டுகள். டவுன் பஸ்ஸில் கைக்கு எட்டாத மேல்கம்பி. நாம் குள்ளம் என்று நினைத்துக்கொண்டோம். மைக் உயரம் என்று நினைக்கவில்லை.

ஸ்கேலை எடுத்துவரச் சொல்லி மகனை அளக்கச் சொன்னேன். மூக்குத்தண்டின்மேல் வைத்து அளந்தான். 59. எங்கள் கருவியில் லென்சைக் கையால் நகர்த்தினால் மூன்று இடங்களில் நிற்கும்: 58, 63, 68. அது 68இல் இருந்தது. கணவருக்கு அளவாக வைத்தது. மூன்று வாரமும் அப்படியே இருந்திருக்கிறது. 58க்குத் தள்ளினேன். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

மலைச்சரிவு ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. தலைசுற்றலே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இருபது நிமிடம் நின்றேன். மகன் கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சாரிம்மா, இதைப் பார்த்திருக்கணும்" என்றான்.

லென்ஸ் பொருந்தியபிறகுதான் மற்றவை தெரிய ஆரம்பித்தன. விளையாடும் முன் நம்மைச் சுற்றித் தரையில் ஓர் எல்லைக்கோடு வரைந்துகொள்ள வேண்டும். அதைத் தாண்டினால் கருவி எச்சரிக்கும். "லட்சுமணன் கோடும்மா" என்று மகன் சிரித்தான். கம்பனில் அந்தக் கோடே கிடையாது, இராவணன் சீதையைத் தீண்டாமல் நிலத்தோடு குடிலைப் பெயர்த்தெடுத்துப் போகிறான் என்று தமிழாசிரியையாக விளக்கினேன். இங்கே உள்ளே நிற்பவளே கோட்டை வரைகிறாள் என்பது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் வரைந்த பிறகும் நான் நடுக்கூடத்தில் நிற்கவில்லை. முதுகைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு கையை வீசி நிற்கும்போது பின்னால் யார் வருகிறார்கள் என்ற நினைப்பு என்னை விடவில்லை. கணவரும் மகனும் எந்தப் பக்கம் திரும்பி நின்றார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். அவர்களுக்கு அது ஒரு கேள்வியாகவே இருந்ததில்லை.

அந்த இருபது நிமிடத்தில் என் தோளை நான்கு முறை தட்டினார்கள். கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறது. சார்ஜர் எங்கே. குக்கர் எத்தனை விசில். நாலாவது எதற்கென்று மறந்துவிட்டது. கணவர் ஹெட்செட்டுக்குள் இருக்கும்போது சிலிண்டர் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆண்கள் வீட்டுக்குள் இருந்துகொண்டே இல்லாமல் போவது புதிதல்ல. என் அப்பா செய்தித்தாளை விரித்தால் ஒரு மணி நேரம் அவரை யாரும் கூப்பிட மாட்டோம். நான் முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதியது எல்லோரும் தூங்கியபிறகு, சமையலறை மேடையில். 25,000 ரூபாய்க் கருவி ஒருத்தியின் கண்ணையும் காதையும் மூடலாம். அவளைக் கூப்பிடும் வாயை மூடாது. அதை நாங்கள்தான் செய்தாக வேண்டும். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினேன். யார் எப்போது போட்டுக்கொள்வது, அந்த நேரத்தில் அடுப்பையும் வாசலையும் யார் பார்ப்பது. முதல் வாரம் அந்தத் தாள் கேலிப்பொருளாக இருந்தது. பிறகு பழகியது, பாதிதான்.

அம்மா மட்டும் மறுத்துக்கொண்டே இருந்தார். "அந்தக் கண்ணுப் பொட்டி எனக்கு வேணாம்டி." பயம் என்று நினைத்தேன். விஷயம் கொண்டை. பட்டை பின்தலையைச் சுற்றி இறுக்க வேண்டும். கொண்டை இருந்தால் நிற்காது, வழுக்கும். இந்த அளவை எடுத்தவர்களுக்குக் கொண்டை போட்ட தலை ஒன்று உண்டு என்று தோன்றியிருக்காது. "மாப்ளை முன்னால தலைய அவுத்துப் போட்டுட்டு உக்காரச் சொல்றியா? தலைவிரி கோலமா?" என்றார்.

ஒரு சனிக்கிழமை ஆண்கள் இருவரும் வெளியே போயிருந்தார்கள். அம்மாவே கேட்டார். பூவை எடுத்துச் சுவாமி படத்தருகே வைத்தார். கொண்டையை அவிழ்த்தார். அந்த முடியை அவிழ்ந்தபடி பார்த்து எத்தனை வருடம் ஆகியிருக்கும். அளந்து பார்த்தேன், என் அளவுதான், 59. நாற்காலியில் உட்காரவைத்து மாட்டிவிட்டேன். பேரன் அம்மாச்சிக்கென்று காசிக் காட்சிகளைத் தயாராக வைத்திருந்தான். "அது இருக்கட்டும், கடலைப் போடு" என்றார்.

ஆழ்கடல். அம்மா ஒன்றும் பேசவில்லை. வலதுகையை மட்டும் மெல்லத் தூக்கி எதையோ தொட்டார். உள்ளே குக்கர் விசில் அடித்தது. நாற்பது வருடமாக விசில் சத்தத்துக்கு எழுந்தவர் திரும்பவில்லை. நான் போய் அணைத்துவிட்டு வந்தேன். கழற்றியபோது கண்ணோரம் பட்டையின் தடம் சிவந்திருந்தது. "நல்லாருந்துச்சா?" என்றேன். "ம்" என்று சொல்லிவிட்டு, "யாரும் கூப்பிடவே இல்லடி" என்றார்.

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஒவ்வொரு முறை நான் கருவியை எடுக்கும்போதும் லென்ஸ் 68இல்தான் இருக்கும். 58க்குத் தள்ளிவிட்டுத்தான் போட்டுக்கொள்வேன். அதுவும் பழகிவிட்டது.

போன புதன்கிழமை கல்லூரி முடிந்து வந்து எடுத்தேன். முந்தைய இரவு வெகுநேரம் கணவர் விளையாடியிருந்தார். பகலில் வீட்டில் அம்மா மட்டும். தள்ளுவதற்காக விரலை வைத்தேன். லென்ஸ் ஏற்கெனவே 58இல் இருந்தது. பட்டையில் ஒரு நீளமான நரைமுடி சுற்றியிருந்தது. அம்மா பூக்கட்டிக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.